தூங்க வைத்த தட்டு

ஊசியக்காவின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். பழைய ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்க்கிற கடை அவளுடையது. அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. யாராவது ஒரு பிளேயரைக் கொண்டுவந்து வைத்தால், அது யார் கை பட்டுக் கெட்டது, எந்த மகராசி மூடியின் மேல் ஈரத்துணி காயப் போட்டாள் என்பது வரைக்கும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கவே வருகிறார்கள். மீதிப் பேர் அதற்குப் பயந்து அடுத்த தெருவுக்குப் போய், அங்கே இன்னும் கெடுத்துக்கொண்டு திரும்ப இவளிடமே வருகிறார்கள். "தவளை தன் வாயால கெடும்னு எங்கம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்லுவாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு விஷயத்தை மூன்று நாள் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தாள். அந்த மூன்று நாளும் அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கீழே அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் தரை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவரும் கூலியாளும் கனமான டர்ன்டேபிள் ஒன்றைப் படியேற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்கள். பின்னால் முப்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்ன பிறகும் அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

பெரியவர் எடை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர். சட்டைப் பையில் இரண்டு பென்சில், இரண்டும் ஒரே உயரத்துக்குச் சீவியவை. அந்தப் பெண் பல் டாக்டர்; அவருடைய அண்ணன் மகள். தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள், தகப்பன் அவளுடைய ஐந்தாவது வயதில் போனான், அதற்குப் பிறகு சித்தப்பாதான் வளர்த்து, படிக்க வைத்து, கிளினிக் வைத்துக் கொடுத்தார். இதையெல்லாம் டாக்டரே சொன்னாள். சொல்லும்போது சித்தப்பாவின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டி விட்டாள். அந்தப் பாசத்தில் பொய் இல்லை என்று ஊசியக்காவுக்குப் பட்டது.

டர்ன்டேபிள் அருமையான பழைய சரக்கு. சுழலும் தட்டே நான்கு கிலோ வரும். மோட்டார் நன்றாக ஓடியது. ஆனால் கை இல்லை. ரெக்கார்டின் மேல் ஊசியைத் தாங்கிப் போகிற கை, அடியோடு முறிந்து, திருகாணிகள் மட்டும் பல் போன ஈறு மாதிரி நின்றுகொண்டிருந்தன. எப்படி முறிந்தது என்று கேட்டதற்குப் பெரியவர், எப்போதோ ஏதோ விழுந்திருக்கும் என்றார். விழுந்து முறிந்தால் வளைந்திருக்கும், இது யாரோ இரண்டு கையாலும் பிடித்து ஒடித்த மாதிரி இருக்கிறதே என்று ஊசியக்கா சொன்னாள். பெரியவர் சிரித்தார்.

"புதுக் கை வேணும். அதுக்குப் பொருத்தமா கார்ட்ரிட்ஜ் வேணும்" என்றாள் டாக்டர். "ஒரே ஒரு தட்டு கேக்கணும். அது போதும்." அப்போதுதான் பையைத் திறந்தாள்.

பத்தங்குல அலுமினியத் தகடு. அதன் மேல் கறுப்பு அரக்குப் பூச்சு. கடையில் விற்கிற இசைத்தட்டு அல்ல. வீட்டிலேயே மெஷின் வைத்து வெட்டியது. அவள் அப்பா ஒலிப்பதிவு வேலை பார்த்தவர். மாடி அறையில் சொந்தமாக ஒரு வெட்டும் மெஷின் வைத்திருந்தார். மைக்கில் விழுகிற சத்தத்தை அந்த மெஷின் அப்படியே அரக்கில் தடமாகக் கீறிக்கொண்டு போகும். குழந்தை சிரிப்பு, மழைச் சத்தம், வாசல் மணி என்று எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பாராம். வெட்டுவதற்கு முன்னால் தட்டின் நடுவில் ஊசியால் தேதியைக் கீறுவது அவர் வழக்கம்.

இந்தத் தட்டில் கீறியிருந்த தேதி அவர் இறந்த நாள்.

"அப்பா வெட்டி முடிச்சா, தட்டைத் தூங்க வைக்கறது என் வேலை" என்றாள் டாக்டர். டர்ன்டேபிளின் பெட்டிக்கு அடியில் ஒரு பலகை நகரும். அதற்குள் ஃபெல்ட் துணி விரித்திருக்கும். அங்கேதான் தட்டுகளைப் படுக்க வைத்து மூடுவாளாம். "அன்னிக்கு நடந்தது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேனாம். நடுவுல எழுந்து வந்து பார்த்திருப்பேன் போல. அப்பாவைக் காணோம், தட்டு மெஷின் மேல இருந்திருக்கும். எடுத்துத் தூங்க வச்சுட்டு நானும் போய்ப் படுத்திருக்கேன்."

மாடிப்படியில் கால் தவறி விழுந்து இறந்தார் என்று பெரியவர் அமைதியாகச் சொன்னார். அன்றைக்கு அவர் மார்க்கெட்டில் தராசு சோதனையில் இருந்தார். சாயந்தரம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் படிக்கட்டின் அடியில் கிடந்தான், குழந்தை மேலே தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாருமே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ, வார்த்தைகள் தேய்ந்து வழவழவென்று வந்தன.

"அப்புறம் சித்தப்பா அந்த ரூமைப் பூட்டிட்டாரு. ஆனா அவரே எத்தனை தடவை உள்ள போய்ப் புரட்டியிருக்காரு தெரியுமா? அண்ணன் கடைசியா வெட்டின தட்டு எங்கயாவது இருக்குமான்னு. மரப்பலகையைக்கூடப் பேத்துப் பார்த்தாரு" என்று டாக்டர் சொன்னாள். போன மாதம் அவள் சாவி வாங்கி அறையைச் சுத்தம் செய்தபோது, கை தானாகவே பெட்டிக்கு அடியில் போய் அந்தப் பலகையை நகர்த்தியிருக்கிறது; உள்ளே இருந்தது இந்த ஒரு தட்டுதான். அன்றிலிருந்து தட்டு அவளுடனேயே கிளினிக்குப் போகிறது, வருகிறது. அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஊசியக்கா தட்டை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். தடத்தின் அகலம் தெரிந்தால்தான் ஊசியின் பருமனைச் சொல்ல முடியும். பூச்சின் மேல் வெள்ளையாக எண்ணெய்ப் பிசுக்கு பூத்திருந்தது. பழைய அரக்குக்கு அது இயல்பு, துடைத்தால் போய்விடும். நடுவில் தேதி. தேதிக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் பார்த்த ஒரு சின்ன அம்புக்குறி.

அம்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தத் தட்டு உள்ளிருந்து வெளியே வெட்டியது. உலகத்தில் உள்ள ரெக்கார்டெல்லாம் விளிம்பில் தொடங்கி நடுவில் முடியும். ஆனால் உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாக வெட்டுகிறவர்கள் சிலர் நடுவிலிருந்து தொடங்குவார்கள். வெட்டும்போது அரக்கு தலைமுடி மாதிரிச் சுருள் சுருளாக உரிந்து வரும். அது தானாக நடுப்பக்கம் ஒதுங்கும். வெட்டும் முனை வெளியே நகர்ந்து போய்விட்டால் அதில் சிக்காது. தட்டை வெட்டிப் பழகியவர்களுக்குத்தான் இது தெரியும். மற்றவர்கள் விளிம்பில்தான் ஊசியை வைப்பார்கள்.

இன்னொன்றையும் பார்த்தாள். அமைதியான சத்தத்துக்குத் தடம் நேராகப் போகும். சத்தம் பெருகினால் நெளியும். இந்தத் தட்டில் முக்கால்வாசி தடம் சாதுவாகப் போயிருந்தது. விளிம்பை நெருங்க நெருங்க நெளிவு கூடியது. கடைசி அரை அங்குலத்தில் தடங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு துடித்தன. பிறகு, விளிம்புக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போதே, யாரோ முனையைத் தூக்கிவிட்ட மாதிரி வெட்டு நின்றுபோயிருந்தது.

அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியவர் மேஜையின் மறுபக்கத்திலிருந்து, அலமாரியில் இருந்த நீளமான கையைக் காட்டி, அது என்ன எடை என்று கேட்டார்.

அவளிடம் அன்றைக்குக் கொடுக்கக்கூடிய கைகள் இரண்டே இருந்தன. ஒன்று குட்டை, அலுமினியம், லேசானது. இன்னொன்று நீளம், எஃகு, நல்ல கனம். கார்ட்ரிட்ஜ்கள் ஐந்தாறு இருந்தன. கார்ட்ரிட்ஜ் என்பது கையின் முனையில் ஊசியைப் பிடித்திருக்கிற சின்னப் பெட்டி. ஊசிக்குப் பின்னால் ஒரு துளி ரப்பர் இருக்கும். அந்த ரப்பர் இளக்கமா இறுக்கமா என்பதில்தான் பொருத்தமே இருக்கிறது. லேசான கைக்கு இளக்கமான ஊசி, கனமான கைக்கு இறுக்கமான ஊசி. மாற்றிக் கட்டினால் புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி, தெருவில் லாரி போனாலும் உள்ளே ஆட்டம்.

"இந்தத் தட்டுக்குக் குட்டைக் கையும் இளக்கமான ஊசியும்தான் சரி" என்றாள். "இது நகம் பட்டாலே கீறும். ஒழுங்கா வச்சா மூணு தடவை பாடும். ஊசி ஒரு தடவை தாவிச்சுன்னா அரக்கைப் பேத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கேக்க முடியாது."

பெரியவர் நீளக் கையை எடுத்தார். கார்ட்ரிட்ஜ்களைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து, இருப்பதிலேயே இளக்கமானதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஊசியக்கா சிரித்துவிட்டாள். யானையைத் தையல் நூலில் கட்டுகிற கதை இது என்றாள். அவர் கோபப்படவில்லை. கையின் கனம் எவ்வளவு, ரப்பரின் இளக்கம் எவ்வளவு என்று இரண்டு எண்ணைக் கேட்டார். பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, வகுத்து, விடையின் கீழே கோடு போட்டார்.

"நொடிக்கு அஞ்சு ஆட்டம்" என்றார். "பத்து இருந்தா நல்லது, இல்லையா? அஞ்சுன்னா மனுஷன் நடக்கற நடைக்கே ஆடும்."

கணக்கு சரி. அவளே போட்டிருந்தாலும் அதே ஐந்துதான் வந்திருக்கும்.

"இருந்தாலும் இதுவே இருக்கட்டும். அண்ணன் நீளக் கைதான் வச்சிருந்தான்" என்று சொல்லிப் பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் நெகிழ்ந்துபோய், "சித்தப்பா சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும், அளவு விஷயத்துல அவரு தப்பே பண்ண மாட்டாரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து மாட்டித் தருவதாக ஏற்பாடு. தட்டை டாக்டர் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்; டர்ன்டேபிளைக் கூலியாள் திரும்பத் தூக்கிப் போனான்.

தெரியாமல் தப்பு செய்கிறவர்களை ஊசியக்கா ஆயிரம் பேர் பார்த்திருக்கிறாள், திட்டித் திருத்திவிடலாம். விடையைச் சரியாகப் போட்டுவிட்டுத் தப்பானதைக் கையில் எடுக்கிற ஆளை அன்றுதான் பார்த்தாள். அவர்கள் போன பிறகும் அந்தத் தாள் மேஜை மேலேயே இருந்தது. அவளுக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

மறுநாள் பெரியவர் தனியாக வந்தார். செருப்பை வாசலில் ஒன்றுக்கொன்று நேராக விட்டார். அச்சகத்துக்கு அன்றைக்கு விடுமுறை. அறையில் சத்தமே இல்லை.

தம்பியாகப் பிறந்தவனுக்கு அண்ணனைப் பற்றிச் சிலது தெரியும் என்று தொடங்கினார். அண்ணன் கடைசிக் காலத்தில் மனசு சரியில்லாமல் இருந்தான். தட்டில் என்ன உளறி வைத்திருப்பானோ. தொடக்கம் சாதாரணமாக இருக்கும், முடிவில்தான் ஏதாவது இருக்கும். அந்தப் பெண் தாங்க மாட்டாள். அதனால் விளிம்பிலிருந்து முதல் கொஞ்ச நேரம் நன்றாகக் கேட்கட்டும், அப்பா குரலை அவள் கேட்டுச் சந்தோஷப்படட்டும். நடுப்பக்கம் போகும்போது ஊசி தாவிக் கெட்டுப்போனால் யார் மேலும் குற்றமில்லை. பழைய தட்டு, என்ன செய்ய முடியும்? கூடவே நிபுணர் ஒருத்தரும் நின்று அதையே சொன்னால் அவள் மனசு ஆறிவிடும்.

"ஊசியை நானே வைக்கறேன்" என்றார். "நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

ஊசியக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நினைப்பில் தொடக்கம் விளிம்பில், முடிவு நடுவில். இருபத்தாறு வருஷம் அந்த அறையைப் புரட்டியிருக்கிறார், தட்டு வெட்டுகிறவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார், ஆனால் அண்ணன் தட்டை எங்கே தொடங்குவான் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அவர் மறைக்க நினைக்கிறது விளிம்பில் இருக்கிறது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவள் விழுங்கினாள்.

பெரியவர் மேஜை மேலிருந்த குட்டித் தராசை எடுத்துப் பார்த்தார். ஊசி தட்டின் மேல் எவ்வளவு கிராம் அழுத்துகிறது என்று பார்க்கிற தராசு அது. திருப்பி, அடியில் தடவி, "முத்திரை இல்லை" என்றார். ஊசி எடைக்கு யாரும் முத்திரை கேட்பதில்லை என்று அவள் சொன்னாள். யாராவது கேட்கிற வரைக்கும் கேட்பதில்லைதான், ஆபீசில் இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே இம்மி பிசகாமல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்.

"உங்க படி ரொம்பச் செங்குத்தும்மா. தனியா ஏறி இறங்கறீங்க. பார்த்து."

அவர் காலடிச் சத்தம் தெருவில் கரைகிற வரைக்கும் ஊசியக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பயமாக இருந்தது. இந்த வயதில் இப்படிப் பயப்படுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். இவள் மடியில் இப்போது அடுத்தவர் கனம் வந்து உட்கார்ந்துவிட்டது.

சனிக்கிழமை முழுக்க டெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? உன்னைத் தூக்கி வளர்த்த மனுஷன் கார்ட்ரிட்ஜைத் தப்பாக எடுத்தார், அதனால் அவர் மேல் எனக்குச் சந்தேகம் என்றா? கேட்கிறவள் சிரிப்பாள், இல்லை என்றால் சித்தப்பாவிடமே போய்ச் சொல்வாள். தட்டில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். பூனை கத்தியிருந்தாலும் தடம் நெளியும். உள்ளிருந்து வெட்டிய தட்டு என்று முன்னாலேயே சொன்னால், நடுவிலிருந்து தொடங்குவார்கள். விளிம்பை நெருங்கும்போது அந்த மனுஷன் நாலு எட்டு நடந்தால் போதும், கை தாவி அரக்கைப் பேர்த்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அப்பாவிடமிருந்து மிச்சம் இருப்பது இந்த ஒரு தட்டு. நினைக்க நினைக்க ஊசியக்காவுக்குப் பயத்துக்கு நடுவில் ஒரு கோபம் வந்தது. கோபம் வந்ததும் கைகள் வேலைக்குத் திரும்பின.

அவர் எடுத்த நீளக் கையையே எடுத்தாள். அவர் எடுத்த கார்ட்ரிட்ஜையே எடுத்தாள். அந்தக் கம்பெனிக்காரன் ஒரே உடம்புக்கு இரண்டு விதமான ஊசி விற்கிறான். இளக்கமானது ஒன்று, முரட்டு உபயோகத்துக்கு இறுக்கமானது ஒன்று. நிறம் ஒன்று, உருவம் ஒன்று. இளக்கமானதை உருவிவிட்டு இறுக்கமானதைச் செருகினாள். கனமான கைக்கு இப்போது சரியான ஜோடி. நொடிக்குப் பத்து ஆட்டம். அதற்கு மூன்று கிராம் அழுத்தம் வைக்க வேண்டும், தட்டு கொஞ்சம் தேயும். ஒரு தடவை இரண்டு தடவைக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டாள்.

இன்னொரு வேலையும் செய்தாள். ஓடுகிற தட்டு ஊசியை எப்போதும் நடுப்பக்கமாக இழுக்கும். அதைச் சரிக்கட்ட, கையின் பின்னால் ஒரு நூலில் சின்னக் குண்டு தொங்கும். அது வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கும். அந்தக் குண்டை அவிழ்த்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி விளிம்பில் ஊசியை வைத்தால் அது வெற்று இடத்தில் சறுக்கி உள்ளே வரும், கடைசித் தடத்தில் விழும், அந்தத் தடம் அதை வெளியே தள்ளும், தடம் தீர்ந்ததும் திரும்பச் சறுக்கி உள்ளே வரும். அச்சகக்காரர் தூக்கிப்போட்ட ஒரு பழைய அலுமினியத் தகட்டில் உள்ளிருந்து வெளியே ஒரு தடத்தைக் கீறி, கடையில் இருந்த வேறொரு டர்ன்டேபிளில் வைத்துச் சோதித்தும் பார்த்தாள். ஊசி செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் கொளுத்தியது. வீடு பழையது, பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. மாடிப்படி குறுகலாக, பதினாறு படி, நடுவில் ஒரு திருப்பம். ஊசியக்காவின் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் முன்னால் ஏறினாள். பெரியவர் கையை நீட்டி ஊசியக்காவை ஏறச் சொன்னார். அவள் முட்டி வலிக்கிறது, மெதுவாக வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றாள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு முன்னால் ஏறினார். திருப்பத்துக்கு மேலே உள்ள படி ஒன்றில் மட்டும் கால் வைக்காமல் தாண்டிப் போனார். யாரும் சொல்லாமலே கால் அதைச் செய்தது. ஊசியக்கா அங்கே நின்று குனிந்து பார்த்தாள். அந்தப் படியில் உடைசலோ ஓட்டையோ எதுவும் இல்லை.

அறையில் வெட்டும் மெஷின் நின்ற இடம் தரையில் வெளிறித் தெரிந்தது. மற்றபடி ஒரு மேஜை, ஒரு நாற்காலி, டாக்டர் புதிதாக வாங்கி வைத்த இரண்டு ஸ்பீக்கர். கையை மாட்டி, எடை வைத்து, கம்பி இணைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தார். கார்ட்ரிட்ஜைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். தரைப்பலகை எப்படி அதிர்கிறது என்று பார்ப்பது போல ஒரு தடவை குதிகாலால் தட்டியும் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் பையிலிருந்து தட்டை எடுத்து வைத்தாள். கைகழுவிவிட்டு வந்து, ஒற்றை நாற்காலியில், முழங்கால் மேல் கைகளைக் கோத்து உட்கார்ந்தாள். பரீட்சைக்குக் காத்திருக்கிற குழந்தை மாதிரி இருந்தாள்.

"வச்சிடுங்க சித்தப்பா" என்றாள்.

தட்டு சுழலத் தொடங்கியது. பெரியவர் ஊசிக் கையைத் தூக்கி, நடுங்காமல், விளிம்பில் வைத்தார். முப்பது வருஷம் எடைக்கல்லைத் தூக்கி வைத்த கை. ஊசி இறங்கியதும் வெறும் உஸ்ஸென்ற சத்தம். அவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் நின்றுகொண்டார். ஊசி சறுக்கி உள்ளே வந்தது. ஒரு சொடுக்கு. அப்புறம் அறைக்குள் ஓர் ஆண் குரல்.

"மெதுவாப் பேசுடா, பாப்பா தூங்கறா."

டாக்டரின் வாய் திறந்துகொண்டது. அதற்குள் இன்னொரு குரல், இன்னும் உரக்க, மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

"அந்த மெஷினை முதல்ல நிறுத்து."

சொடுக்கு. உஸ். ஊசி சறுக்கி உள்ளே வந்தது.

"மெதுவாப் பேசுடா, பாப்பா தூங்கறா."

"அந்த மெஷினை முதல்ல நிறுத்து."

ஊசியக்கா மேஜைக்கும் பெரியவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. டாக்டர் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் குரலைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டி, உதடு அந்த வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. பாப்பா தூங்கறா. இரண்டாவது குரல் யாருடையது என்று அவள் இன்னும் யோசிக்கவே இல்லை.

பெரியவர் நடந்தார். தரை அதிர, குதிகாலை ஊன்றி, வாசலிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னல் கண்ணாடி கிணுங்கியது. ஊசிக் கை அசையவில்லை. திரும்ப ஜன்னலிலிருந்து வாசலுக்கு நடந்தார், பொத்தென்று காலை உதைத்து. கை அசையவில்லை. ஐந்து என்று அவர் போட்ட கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற முகம் அது.

"மெதுவாப் பேசுடா, பாப்பா தூங்கறா."

அவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஊசியக்காவைப் பார்த்து, அடித்தொண்டையிலிருந்து சொன்னார்.

"அந்த மெஷினை முதல்ல நிறுத்து."

அதே நேரத்தில் தட்டும் அதையே சொன்னது. அதே குரல், அதே ஏற்ற இறக்கம், 'முதல்ல' என்ற இடத்தில் அதே அழுத்தம். இருபத்தாறு வருஷம் குரலை ஒரு இம்மிகூட மாற்றியிருக்கவில்லை. டாக்டர் திரும்பிப் பார்த்தாள். முதலில் ஸ்பீக்கரை, அப்புறம் சித்தப்பாவை. ஊசியக்கா மோட்டார் விசையின் மேல் கையை வைத்தாள்.

"நிறுத்தாதீங்கக்கா" என்றாள் டாக்டர்.

இன்னும் இரண்டு சுற்று ஓடியது. தட்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு டாக்டர், கிளினிக்கில் நோயாளியிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்கிற அதே தணிந்த குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு எந்த மார்க்கெட்ல தராசு பார்த்துட்டிருந்தீங்க, சித்தப்பா?"

அவர் நின்ற இடம் வாசற்படி. அவருக்குப் பின்னால் பதினாறு படிகள் இறங்கின. ஒரு கை பின்னால் போய்க் கைப்பிடியைத் தேடியது, கிடைத்தது. ஆனால் அவர் இறங்கவில்லை. இறங்குவதற்கு அந்தப் படியைத் தாண்ட வேண்டும்.

டாக்டர் எழுந்தாள். இதற்கு முன்னால் பேசியதெல்லாம் தட்டில் எங்கே இருக்கிறது என்று ஊசியக்காவைக் கேட்டாள்.

"நடுவுல" என்றாள் ஊசியக்கா. மூன்று நாள் அடக்கி வைத்திருந்தது அந்த ஒரே வார்த்தையில் வெளியே வந்தது. "உங்கப்பா நடுவுலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்காரு."

பல் டாக்டரின் விரல்கள் ஊசி பிடித்துப் பழகியவை. ஊசிக் கையை மெல்லத் தூக்கி, தட்டின் குறுக்கே கொண்டுபோய், தேதி கீறியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இறக்கினாள். கொஞ்ச நேரம் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அவள் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைய தேதியைச் சொல்லி, நிதானமாகப் பேசத் தொடங்கினார்.